யானைக்குச் சட்டம் தெரியாது. பேக்கேஜ் விற்றவருக்குத் தெரியும்

2025 ஜூலை தொடக்கத்தில், ஜாம்பியா நாட்டின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் நடை சஃபாரி போன இரண்டு பெண்கள் யானை தாக்கி இறந்தார்கள். ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்தவர், மற்றவர் நியூசிலாந்துக்காரர். இருவரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். தாக்கியது குட்டியோடு இருந்த பெண் யானை. உடன் வந்த வழிகாட்டிகள் சுட்டுப் பார்த்தும் அதைத் தடுக்க முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, அதே நாட்டின் கஃபுவே பூங்காவில் ஆண் யானை ஒன்று சஃபாரி வண்டியையே புரட்டிப் போட்டதில் அமெரிக்க மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். சில மாதங்களுக்குள் லிவிங்ஸ்டன் நகரில், யானைக் கூட்டத்தால் நின்றுபோயிருந்த வண்டியிலிருந்த இன்னொரு அமெரிக்கப் பெண்ணும் யானையால் கொல்லப்பட்டார்.

இப்படிப்பட்ட மரணங்கள் அபூர்வம். சஃபாரி போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். ஆனால், விபத்துச் செய்தி வந்ததும் இரண்டு விதமான பேச்சுதான் கிளம்புகிறது. ‘காட்டுக்குப் போனால் அப்படித்தான்’ என்பது ஒன்று. ‘இனி அந்தப் பக்கமே போகக் கூடாது’ என்பது மற்றொன்று. இடையில் கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போகிறது: அந்தப் பயணத்தை விற்றவருக்கு என்ன பொறுப்பு, வாங்கியவருக்கு என்ன உரிமை? விலங்கை யாரும் கட்டுப்படுத்த முடியாது. அதன் அருகே உங்களை யார் அழைத்துப் போகிறார், எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறார், முன்னதாக என்ன சொல்லி வைத்தார் என்பதெல்லாம் மனிதர் கையில் இருப்பவை. உரிமையும் நிவாரணமும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஆறு சுருங்கும் மாதங்கள்

லுவாங்வா, ஜாம்பியாவின் கிழக்கே ஓடி ஜாம்பசியில் கலக்கும் ஆறு. அதன் பள்ளத்தாக்கில் 9,050 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் தெற்கு லுவாங்வா, 1972இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பே, 1950 வாக்கில், வனவிலங்கு அதிகாரியாக இருந்த நார்மன் கார் என்பவர் அப்பகுதியின் பாரம்பரியத் தலைவர் நிசெஃபுவோடு சேர்ந்து இங்கே பார்வையாளர் முகாம் ஒன்றைத் தொடங்கினார். அதன் வருமானம் ஊர் மக்களுக்குப் போனது. வண்டியை விட்டிறங்கி, துப்பாக்கி ஏந்திய காவலரின் துணையோடு காட்டுக்குள் நடக்கும் ‘நடை சஃபாரி’ இந்தப் பள்ளத்தாக்கில்தான் வேர் பிடித்தது.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. அது ஓய்ந்ததும் உள்காட்டுக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றி, ஜூன் முதல் அக்டோபர் வரை விலங்குகள் எல்லாம் ஆற்றங்கரைக்கு வந்து சேரும். பயணிகள் குவிவதும் அப்போதுதான். நிறைய விலங்குகளைப் பார்க்க முடிவதற்கும், ஆபத்து கூடுவதற்கும் காரணம் ஒன்றே: குறைந்துபோன நீருக்குப் பக்கத்தில் எல்லோரும் கூடி நிற்கிறார்கள்.

இங்குள்ள முகாம்கள் பலவற்றுக்கு வேலி கிடையாது. காட்டு மாமரம் காய்க்கும் காலத்தில் ஒரு விடுதியின் வரவேற்பறை வழியாகவே யானைகள் நடந்துபோவது உலகப் புகழ் பெற்ற காட்சி. விளம்பரப் படத்தில் அது அழகாக இருக்கும். வேலி இல்லாத இடத்தில் இரவில் நீங்கள் எப்படி நடமாட வேண்டும் என்பது அந்தப் படத்தில் இருக்காது.

ஆபத்து எங்கெல்லாம் இருக்கிறது

சிங்கம், சிறுத்தை என்றுதான் மனம் பயப்படும். ஆற்றங்கரையில் முதலில் அஞ்ச வேண்டியவை யானை, நீர்யானை, எருமை, முதலை. நீர்யானை பகலில் தண்ணீரில் கிடக்கும். இருட்டியதும் கரையேறி மேயும். மேய்ந்துகொண்டிருக்கும் நீர்யானைக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்பவர் அதன் தப்பிக்கும் வழியை மறிக்கிறார். அது அவர் மேலேயே ஓடிவரும். ஜாம்பியாவின் இன்னொரு பூங்காவான கீழ் ஜாம்பசியில் துடுப்புப் படகில் போகிறவர்களுக்கு, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் நீர்யானைதான் பெரிய அபாயம்.

நடை சஃபாரிக்கென்று சில வழக்கங்கள் உண்டு. எல்லோரும் ஒற்றை வரிசையில் போக வேண்டும். ஆயுதம் ஏந்திய காவலர் முன்னால் போவார், பயிற்சி பெற்ற வழிகாட்டி அவருக்கு அடுத்து. பேச்சு கூடாது, என்ன நடந்தாலும் சொல்லாமல் ஓடக் கூடாது. சிறுவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. முழங்கால் வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் அதை மறைத்துவிட்டுச் சேர்ந்துகொள்வது தங்களுக்கு மட்டுமல்ல, வரிசையில் உள்ள எல்லோருக்குமே ஆபத்து.

கூடாரத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் பழம் வைக்காதீர்கள். ஆரஞ்சு, மாம்பழ வாசனைக்கு யானை கதவையும் கூடாரத் துணியையும் பிய்த்துவிடும். மனிதர் வைத்த பழத்தில் ருசி கண்ட யானை பிறகு பக்கத்து ஊர்களுக்கும் போகும். கடைசியில் ‘தொல்லை விலங்கு’ என்று சுடப்படவும் கூடும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. ஜாம்பியா முழுவதும் மலேரியா இருக்கிறது. அங்கே அதிகம் காணப்படுவது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. தடுப்பு மாத்திரைகளைப் புறப்படுவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் விழுங்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஒரு வாரம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். வீடு திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ‘ஆப்பிரிக்கா போய் வந்தேன்’ என்று சொல்லுங்கள்.

லுவாங்வா பள்ளத்தாக்கில் ட்செட்சி ஈ உண்டு. தூக்க நோயைப் பரப்புவது இதுதான். இதற்குத் தடுப்பூசி கிடையாது. நீலமும் கறுப்பும் இந்த ஈயை இழுக்கும் நிறங்கள். அங்கே ஈப்பொறிகளையே நீல, கறுப்புத் துணியில்தான் செய்கிறார்கள். ஆகவே ஜீன்ஸை வீட்டில் வைத்துவிட்டுக் காக்கி, பழுப்பு நிற ஆடைகளை எடுத்துப் போங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களைத் திரும்பும்போது மடக்கும் விஷயம் ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா பட்டியலிட்டுள்ளவற்றில் எத்தியோப்பியாவும் கென்யாவும் உண்டு. ஜாம்பியத் தலைநகர் லுசாகா போகும் விமானங்கள் பல அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகத்தான் போகின்றன. அங்கே வெளியே இறங்கித் தங்கிவிட்டு, சான்று இல்லாமல் இந்தியா வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு கிடைக்கலாம். ஆனால் அதைச் சுகாதார அதிகாரி ஏற்க வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லும். அதன்பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள்.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

முதல் உரிமை, தெரிந்துகொள்வது. முகாமுக்கு வேலி உண்டா, நடைக்கு வரும் காவலர் யார், மருத்துவ உதவி எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும் என்பவை பணம் கட்டும் முன் உங்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை. தெற்கு லுவாங்வாவின் வாயிலான ம்ஃபுவேயிலிருந்து லுசாகாவுக்குச் சாலை வழியே சுமார் 700 கிலோமீட்டர். பெரிய காயம் என்றால் விமானம்தான் வழி. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாடிக்கையாளருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. ‘சிங்கம் நிச்சயம்’ என்று விளம்பரம் செய்வது, தனி வண்டி என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரோடு ஏற்றுவது ஆகியவையும் புகாருக்கு உரியவை.

இரண்டாவது, மறுக்கும் உரிமை. நடை வேண்டாம் என்று கடைசி நிமிடத்தில் சொல்லலாம். வண்டி அளவுக்கு மீறி நெருங்கினால் ‘பின்னால் எடுங்கள்’ என்று கேட்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு. ‘இன்னும் கொஞ்சம் கிட்டே போப்பா, நல்லா கவனிக்கிறேன்’ என்று டிப்ஸைக் காட்டி ஓட்டுநரை நெருக்குவது நம்மவர்களும் செய்கிற காரியம். வழிகாட்டியின் சொல்லை மீறி இறங்கியவர், பின்னால் இழப்பீடு கேட்டுப் போகும்போது அவரது வழக்கு பலவீனமாகிவிடும்.

மூன்றாவது, தகுதியுள்ள ஆள்களைப் பெறும் உரிமை. ஜாம்பியாவில் வனவிலங்குச் சட்டம், 2015, சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் சட்டம், 2015 ஆகிய இரண்டும் இந்தத் தொழிலை ஆள்கின்றன. சுற்றுலா நிறுவனம் நடத்த உரிமம் வேண்டும். அதன் எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை.

கையெழுத்துக்கு நீட்டும் தாள்

முகாமில் இறங்கியதும், குளிர்ந்த பானத்தோடு ஒரு தாளும் வரும். ‘என்ன நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்பது அதன் சாரம். பலரும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். போட்டுவிட்டோமே, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பின்னால் விட்டும் விடுகிறார்கள்.

அந்தத் தாள் எல்லாவற்றையும் மூடிவிடாது. வனவிலங்கு இருக்கும் இடத்துக்குத் தெரிந்தேதான் வந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி; கவனக்குறைவாக நடந்துகொள்ள அது அனுமதிச் சீட்டு இல்லை. ஜாம்பியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2010, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்கிறது. நுகர்வோர் உரிமையை மறுக்கும் அறிவிப்புப் பலகைகளைக் கடைகளிலும் வணிக இடங்களிலும் வைப்பதையும் அது தடுக்கிறது. இந்தியச் சட்டத்திலும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு பிரிவு உண்டு. அந்தப் புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க முடியாது. மாநில அல்லது தேசிய ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்தத் தாளின் நகலை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திட்டதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை அழையுங்கள். அவர்களைக் கேட்காமல் விமானம் ஏற்பாடு செய்தால் பணம் மறுக்கப்படலாம். காவல்துறையிலும் பூங்கா அலுவலகத்திலும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். லுசாகாவில் இந்தியத் தூதரகம் உண்டு. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் உதவி கேட்கலாம்.

காப்பீடு மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

பயணத்தை விற்றவர் மேல் புகார் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். எதிர்த்தரப்பு எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம்; 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டு முகாமில் நேரடியாகப் பதிவு செய்தால் விலை குறையலாம். ஆனால் தகராறு வந்தால், இங்கே வாங்கிய உத்தரவை அங்கே நிறைவேற்றுவது பெரும்பாடு. உள்ளூர் முகவர் மூலம் வாங்கினால் பதில் சொல்ல ஓர் ஆள் இங்கேயே இருப்பார். நேரடியாகத்தான் வாங்குவேன் என்பவர்கள் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை வராவிட்டால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி மிஞ்சும்.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்

- முகாமையும் சஃபாரியையும் உண்மையில் நடத்தும் நிறுவனத்தின் பெயர், உரிம எண் என்ன?
- ஒரு வண்டியில் எத்தனை பேர்? நடையில் எத்தனை பேர்? ஆயுதக் காவலர் உண்டா?
- பூங்கா நுழைவுக் கட்டணம் நாள் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. அது தொகையில் அடங்கியதா?
- இருட்டிய பிறகு அறைக்குக் கொண்டுவிட ஆள் வருவாரா? அவசரத்துக்கு அழைக்க விசிலோ ரேடியோவோ அறையில் இருக்குமா?
- விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு யாருடையது?
- என் காப்பீடு நடை சஃபாரியையும் துடுப்புப் படகையும் ‘சாகச விளையாட்டு’ என்று ஒதுக்குகிறதா? (இதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். பழைய நோய்களையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.)
- ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில்?
- என் பான் எண்ணோடு ரசீது தருவீர்களா? (வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்குப் பிடிக்கும் டி.சி.எஸ். வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ள அது வேண்டும்.)

ஒரு குடும்பம் ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போக லட்சக்கணக்கில் செலவாகிறது. அவ்வளவு பணத்துக்கு ஒரு பிளாட்டுக்கு முன்பணம் கொடுப்பதானால் பத்திரத்தை வரி வரியாகப் படிப்போம், தெரிந்த வக்கீலிடமும் காட்டுவோம். உயிரையும் சேர்த்து ஒப்படைக்கும் இந்தப் பயணத்துக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். தொலைபேசியில் ‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்று சொன்ன முகவர், விபத்துக்குப் பிறகு அப்படிச் சொன்னதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். மேலே உள்ள கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள். நாளை ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அந்த மின்னஞ்சல்தான்.