பளிங்கு கிரேஃபிஷ் வளர்ப்பு

பளிங்கு கிரேஃபிஷ் (புரோகாம்பரசு வர்ச்சினாலிசு) என்பது வீட்டு மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் நன்னீர் உயிரினம் ஆகும். இறால், நண்டு ஆகியவற்றைப் போலவே இதுவும் பத்துக்காலிகள் வரிசையைச் சேர்ந்தது. தோற்றத்தில் சிறிய சிங்கி இறாலை ஒத்திருக்கும். உடலில் காணப்படும் பளிங்கு போன்ற கோலத்தால் இப்பெயர் பெற்றது.

தோற்றம்

1990களின் நடுவில் செருமனியில் மீன் தொட்டி வளர்ப்போரிடையே இது முதன்முதலில் அறியப்பட்டது. இதன் மூதாதை இனம் அமெரிக்காவின் புளோரிடா, தெற்கு சியார்சியா பகுதிகளில் வாழ்கிறது. தனி இனமாக 2017இல் விவரிக்கப்பட்டது.

தொட்டி அமைப்பு

18 முதல் 25 பாகை செல்சியசு வெப்பநிலை ஏற்றது. நீர் வடிகட்டியும் காற்றோட்டமும் தேவை. மண்குழாய், தேங்காய்ச் சிரட்டை, கற்கள் போன்றவற்றை மறைவிடமாக வைக்கலாம். குழாய்களைப் பற்றி ஏறித் தப்பக்கூடியது என்பதால் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். செப்பு கலந்த மீன் மருந்துகள் இதற்கு நஞ்சாகும்.

உணவு

இது ஓர் அனைத்துண்ணி. உதிர்ந்த இலை, வேகவைத்த காய்கறி, மீன் தீவனம் ஆகியவற்றை உண்ணும். தொட்டியில் நட்ட செடிகளையும், மெதுவாக நீந்தும் சிறு மீன்களையும் விட்டுவைக்காது.

ஓடு கழற்றுதல்

வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிடும். புதிய ஓடு இறுகும் வரை உடல் மென்மையாக இருப்பதால் பிற கிரேஃபிஷ்கள் இதைத் தின்றுவிடக்கூடும். மறைவிடம் இன்றியமையாதது என்பது இதனாலேயே. கழற்றிய ஓட்டை இறந்த உடல் என எண்ணி அகற்றக் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்காக அதை அதுவே உண்ணும்.

இனப்பெருக்கம்

இவ்வினத்தில் ஆண்களே இல்லை. கருவுறாத முட்டைகளிலிருந்து தாயின் மரபணு நகல்களான பெண் குஞ்சுகள் பிறக்கின்றன. பெரிய தாய் ஒரே முறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை வால் அடியில் சுமக்கும். ஆகவே ஒன்றை மட்டும் வாங்கி வளர்த்தாலும் தொட்டி விரைவில் நிரம்பிவிடும்.

சூழலியல் தீங்கு

பெருகியவற்றை வளர்ப்போர் நீர்நிலைகளில் விட்டதால் ஐரோப்பாவின் பல நாடுகளில் இது பரவியது. மடகாசுகரின் நெல்வயல்களிலும் நீர்நிலைகளிலும் பெருகியுள்ளது. ஐரோப்பிய கிரேஃபிஷ்களைக் கொல்லும் கிரேஃபிஷ் கொள்ளைநோயையும் இது சுமக்கக்கூடும். 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதனை வளர்ப்பதும் விற்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன.

இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் கிரேஃபிஷ் இனம் எதுவும் இல்லை. தப்பும் ஒரே ஓர் உயிரி புதிய கூட்டத்தைத் தோற்றுவிக்கப் போதுமானது. எனவே இதனையோ, குஞ்சுகள் இருக்கக்கூடிய தொட்டி நீரையோ குளம், வாய்க்கால், சாக்கடை எதிலும் விடக்கூடாது.