பல் சிகிச்சைக்காகக் குழந்தைக்கு முழு மயக்கமா? பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் என்னென்ன?

நாலு வயசுக் குழந்தைக்கு ஏழெட்டுப் பற்கள் சொத்தை. “முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் முடித்துவிடலாம்” என்று பல் மருத்துவர் சொன்னதும் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். “பல்லுக்குப் போய் மயக்க மருந்தா?” என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: மயக்க நேரத்தில் குழந்தையின் மூச்சை யார் கவனிப்பார்?

பால் பல் எப்படியும் விழுந்துவிடுமே?

விழும். ஆனால், பின்பக்கக் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயதில்தான் விழும். அதுவரை வலி, சீழ், கன்னத்தில் வீக்கம், சரியாகச் சாப்பிட முடியாமை, தூக்கமின்மை என்று குழந்தை அவதிப்படலாம். அடியில் வளரும் நிரந்தரப் பல்லும் பாதிக்கப்படலாம்.

யாருக்கு முழு மயக்கம் தேவை?

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவையில்லை. பேசிப் பழக்கி, மரத்துப்போகும் ஊசி போட்டே சிகிச்சை செய்துவிடலாம். பயம் அதிகமென்றால் ‘சிரிப்பு வாயு’ எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு உதவும். இதில் குழந்தை விழித்தே இருக்கும்.

மிகச் சின்னக் குழந்தைகள், பல பற்களில் சிகிச்சை தேவைப்படுபவர்கள், ஆட்டிசம் போன்ற காரணங்களால் நாற்காலியில் உட்கார முடியாதவர்கள் ஆகியோருக்கே முழு மயக்கம் பரிந்துரைக்கப்படுகிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பல் மருத்துவர் வேலை செய்யும் இடமும் குழந்தை மூச்சு விடும் பாதையும் ஒன்றுதான். ரத்தம், தண்ணீர், பல் துணுக்கு எது வேண்டுமானாலும் தொண்டைக்குள் இறங்கலாம். அதனால்தான் பெரும்பாலும் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி மூச்சுப்பாதையைப் பாதுகாக்கிறார்கள். மூச்சு தடைபட்டால், பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் அளவு வேகமாகக் குறையும். பல்லையும் மூச்சையும் ஒரே ஆள் பார்க்க முடியாது.

பிரிட்டனில் 2001 இறுதியோடு பல் கிளினிக்குகளில் முழு மயக்கம் கொடுப்பது நிறுத்தப்பட்டு, மருத்துவமனைகளில் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர்கள், குழந்தைகள் பல் மருத்துவர்கள் அமைப்புகளின் 2019 வழிகாட்டுதலும், ஆழ்ந்த மயக்கம் என்றால் அதைக் கவனிக்கத் தனியாக ஒரு தகுதியான நிபுணர் இருக்க வேண்டும் என்கிறது.

“சும்மா தூங்க வைக்கிற மருந்துதான்” என்று கிளினிக்கில் சொன்னாலும் கவனம் தேவை. லேசான மயக்கம் சில குழந்தைகளுக்கு எதிர்பாராமல் ஆழமாகிவிடலாம்.

மூளையைப் பாதிக்குமா?

3 வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2016-ல் எச்சரித்தது. அதேநேரம், கைக்குழந்தைப் பருவத்தில் ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் பெற்றவர்களின் அறிவுத்திறனில் 5 வயதில் வித்தியாசம் இல்லை என்று 2019-ல் வெளியான ‘காஸ்’ ஆய்வு காட்டியது. எல்லாப் பற்களையும் ஒரே தடவையில் சரிசெய்ய மருத்துவர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

“ஒரு பிஸ்கட்தானே!”

இங்கேதான் பல வீடுகளில் சறுக்குகிறார்கள். மயக்கத்தில் இருமும் திறன் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவான விதி: திட உணவு, மாட்டுப் பால், பால் பவுடர் 6 மணி நேரம் முன்போடு நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். எண்ணெய்ப் பலகாரம் என்றால் இன்னும் அதிக நேரம். மருத்துவர் சொல்லும் நேரமே இறுதி. பசி தாங்காமல் அழுதது என்று பாட்டி ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தாலும் சொல்லுங்கள். சிகிச்சை தள்ளிப்போவதால் பெரிய நஷ்டமில்லை.

சம்மதக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

• மயக்க மருந்து நிபுணர் தனியாக இருப்பாரா? குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்த அனுபவம் அவருக்கு உண்டா?

• ஆக்சிஜன், இதயத்துடிப்பு, மூச்சைத் தொடர்ந்து காட்டும் மானிட்டர் இருக்கிறதா?

• அவசரம் என்றால் ஐ.சி.யூ. அதே கட்டடத்திலா, வேறு எங்காவதா?

• மயக்கம் இல்லாமல் செய்ய வழியே இல்லையா?

கடைசிக் கேள்விக்குச் சில நேரம் நல்ல பதில் கிடைக்கும். சொத்தை பரவாமல் நிறுத்தும் ‘சில்வர் டயமின் ஃபுளோரைடு’ மருந்தைப் பூசி, குழந்தை கொஞ்சம் வளரும்வரை காத்திருக்கலாம். பூசிய இடம் கறுத்துப்போகும், அவ்வளவுதான். சீழும் வீக்கமும் வந்துவிட்டால் காத்திருக்க முடியாது.

சிகிச்சை முடிந்த பிறகும் இரவில் பால் பாட்டிலோடு தூங்கும் பழக்கம் தொடர்ந்தால், சொத்தை திரும்ப வரும். இன்னொரு மயக்கமும் தேவைப்படலாம்.