புண்ணின் அருகே ஒரு கறுப்புச் சதுரம்

சர்க்கரை நோயால் காலில் புண் ஏற்பட்டுச் சிகிச்சை பெறுவோரிடம், வாரந்தோறும் புண்ணைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்போது, கட்டங்கள் அச்சிட்ட சிறிய ஒட்டுவில்லைகளையும் தருகிறோம். அவை எதற்கு என்று பலர் வினவுகின்றனர்.

கைபேசியை அருகே பிடித்தால் புண் பெரிதாகவும், விலக்கிப் பிடித்தால் சிறிதாகவும் தெரியும். எனவே, படத்தை மட்டும் கொண்டு புண்ணின் அளவை அறிய இயலாது. வில்லையிலுள்ள கறுப்புச் சதுரத்தின் பக்கம் 2 செ.மீ.; அதுவே படத்தினுள் அமைந்த அளவுகோல்.

கணினி நிரல் முதலில் கறுப்பும் வெள்ளையும் பிரியும் விளிம்புகளைத் தேடி, நான்கு மூலைகள் கொண்ட வடிவங்களைத் தேர்ந்தெடுக்கிறது. பின்னர், உள்ளிருக்கும் கட்டங்களின் வரிசையைப் படித்து, அது உரிய குறிதானா என உறுதிசெய்கிறது. தரை ஓடும் மருந்துப் பெட்டியும் சதுரமாக இருப்பினும் இச்சோதனையில் விலக்கப்படும். இறுதியாக, மூலைகளின் இடத்தைக் கொண்டு படத்தின் சாய்வைத் திருத்திப் புண்ணின் பரப்பைக் கணக்கிடுகிறது. ஸ்பெயினின் கோர்டோபா பல்கலைக்கழகத்தில் உருவான 'அருக்கோ' இவ்வகைக் குறிகளுள் நன்கு அறியப்பட்டது.

நல்ல சிகிச்சையில் இத்தகைய புண்ணின் பரப்பு 4 வாரங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிடில் இரத்த ஓட்டம், தொற்று, பாதத்தில் விழும் அழுத்தம் ஆகியவற்றை மீண்டும் ஆராய்வோம். ஆகவே, அளவில் நேரும் பிழை சிகிச்சையையே தாமதப்படுத்தக்கூடும்.

சான்றாக, கைபேசி புண்ணிலிருந்து 20 செ.மீ. தொலைவில் இருக்கும்போது, வில்லையை ஒட்டாமல் 2 செ.மீ. உயர்த்திப் பிடித்தால், குறி பெரிதாகத் தெரியும்; புண்ணின் பரப்போ ஏறத்தாழ 19 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்படும். ஆறாத புண் ஆறுவதாகத் தோன்றும்.

படமெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு முறையும் புதிய வில்லையைப் பயன்படுத்துங்கள்.
2. புண்ணைத் தொடாமல், அதன் அருகே சமமான, நலமான தோலில் சுருக்கமின்றி ஒட்டுங்கள்.
3. கறுப்புச் சதுரத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை விரலோ கட்டுத்துணியோ மறைக்கக் கூடாது.
4. நிழலும் பளபளப்பும் விழாத வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள்.

இக்குறி பரப்பை அளக்க உதவுமேயன்றி ஆழத்தை அறியாது. சீழ், துர்நாற்றம், கருமை, பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், படம் அனுப்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.