டி.என்.ஏ. மருந்து நம் படைப்பை மாற்றிவிடுமா?

திரேஸ்புரத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, சங்குகுளிக்குப் போகும் சகோதரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய பேரனுக்கு நான்கு வயது. வயிறு வீங்கியிருக்கிறது, இரத்தம் குறைந்துகொண்டே வருகிறது. பல இடங்களில் காட்டி அலைந்த பிறகு, அது 'கோஷே' என்ற அரிய நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"ஹஜ்ரத், இதுக்கு டி.என்.ஏ. மருந்து வந்திருச்சு, ஒரே ஊசில சரியாயிரும்னு ஒருத்தர் சொல்லுதாரு. அது அல்லாஹ்வோட படைப்பையே மாத்திரும், போடக் கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்லுதாரு. நாங்க யாரு பேச்சைக் கேக்க?"

கொரோனா தடுப்பூசி வந்தபோதும் நம் வீடுகளில் இதே கேள்வி எழுந்தது. நாம் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே எளிமையாகச் சொல்கிறோம்.

தோணியும் சரக்கும்

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் நியூக்ளிக் அமிலங்கள் என்பார்கள். நம் உடம்பு எப்படி இயங்க வேண்டும் என்ற குறிப்பு டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து அவ்வப்போது தேவையான பகுதியை மட்டும் படியெடுத்துச் செல்லும் சீட்டுதான் ஆர்.என்.ஏ.

இந்தச் சீட்டை மருந்தாக வெறுமனே உடம்புக்குள் விட்டால் வழியிலேயே சிதைந்துவிடும். அதனால் கொழுப்பால் ஆன மிக நுண்ணிய உருண்டைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். ஓர் உருண்டையின் அளவு சுமார் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.

நம் ஊருக்குப் பழகிய முறையில் சொன்னால், அந்த உருண்டை ஒரு தோணி. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவு போகும் தோணியில் காய்கறியும் போகும், கட்டுமானப் பொருளும் போகும். தோணியைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. உள்ளே என்ன சரக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

என்னென்ன சரக்கு?

ஒன்று, செய்திச் சீட்டு. புனேயில் உள்ள ஜென்னோவா நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அனுமதி கிடைத்தது. அது ஆர்.என்.ஏ. வகை. நம் மரபணு இருக்கும் உயிரணுவின் உட்கருவுக்குள் அது நுழைவதில்லை. வெளியே நின்று செய்தியைச் சொல்லிவிட்டுப் பிறகு கரைந்துவிடும்.

அகமதாபாத்தின் ஜைடஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஜைகோவ்-டி' 2021 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பூசி அதுவே. அதிலுள்ள டி.என்.ஏ. வளையம் உட்கருவுக்குள் போகும். ஆனால் நம் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும்படி அது அமைக்கப்படவில்லை. தனியே நின்று வேலை செய்யும்.

இரண்டு, தடைச் சீட்டு. கெடுதலான ஒரு புரதம் உண்டாவதை இது நிறுத்தும். பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்கு 'பாட்டிசிரான்' என்ற மருந்தை 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது. அது இந்த வகை.

மூன்று, திருத்தும் கருவி. இது மட்டுமே உயிரணுவின் மரபணு எழுத்தை உண்மையில் மாற்றுகிறது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த அரிவாள் இரத்தச் சோகைச் சிகிச்சை இதற்கு உதாரணம். நோயாளியின் இரத்த அணுக்களை வெளியே எடுத்துத் திருத்தித் திரும்பச் செலுத்துகிறார்கள். அந்த மாற்றம் அவரோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது.

டி.என்.ஏ.வே கருவியானால்?

டி.என்.ஏ.வைச் செய்தியாக அல்லாமல் வெறும் கட்டுமானப் பொருளாகவும் பயன்படுத்தலாம் என்று 1982-இல் நாட்ரியன் சீமன் என்ற அமெரிக்க அறிஞர் எழுதினார். அதன் இழைகள் ஒன்றோடொன்று ஜோடி சேரும் விதி நமக்குத் தெரியும். விதி தெரிந்தால் பாய் முடைவது போல நினைத்த வடிவில் பின்னலாம். 1991-இல் அவருடைய குழு டி.என்.ஏ.வால் ஒரு கனசதுரத்தையே செய்தது.

இந்தத் துறையில் நம் பக்கத்துப் பெயர் ஒன்று உண்டு. மலப்புரம் மாவட்டத்தில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன். பெங்களூருவின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் பணியாற்றியபோது, உயிருள்ள அணுவுக்குள் சென்று அமிலத்தன்மையை அளக்கும் டி.என்.ஏ. கருவியை 2009-இல் இவருடைய குழு வெளியிட்டது. இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2017-இன் இன்ஃபோசிஸ் பரிசும் பெற்றவர்.

அந்தப் பேரனின் நோய்க்கும் இவருடைய ஆய்வுக்கும் தொடர்பு இருக்கிறது. நம் உயிரணுக்களில் கழிவை உடைக்கும் சிறு அறைகள் உண்டு. லைசோசோம் என்பார்கள். கோஷே நோயில் அங்கே வேலை செய்ய வேண்டிய ஒரு நொதி குறைவு. உடையாத கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் தேங்குகிறது. யமுனா குழுவின் டி.என்.ஏ. கருவியை உயிரணு தானே விழுங்கி நேராக அந்த அறைக்குக் கொண்டுபோகிறது. அங்கே குளோரைடு உப்பு எவ்வளவு என்பதைக் கருவி தன் ஒளியால் காட்டுகிறது. கோஷே போன்ற நோய்களில் அந்த அளவு குறைந்துபோவதைப் புழுக்களிலும் மனித அணுக்களிலும் கண்டு 2017-இல் வெளியிட்டார்கள். இந்தக் கருவி எதையும் மாற்றவில்லை. அளந்து சொல்கிறது, அவ்வளவுதான்.

இத்தகைய டி.என்.ஏ. துண்டுகள் பிற மனிதரிடமிருந்தோ மிருகத்திடமிருந்தோ எடுக்கப்படுவதுமில்லை. குறுந்துண்டுகளை வேதிப்பொருட்களைக் கொண்டு இயந்திரத்திலேயே கோர்க்கிறார்கள்.

இரண்டு பேச்சிலும் பிழை

'படைப்பை மாற்றும்' என்றவர் மூன்றாவது சரக்கைக் கேள்விப்பட்டு எல்லாத் தோணியையும் தடுக்கிறார். அழகுக்காக உடம்பை மாற்றுவதும், நோயைப் போக்கச் சிகிச்சை செய்வதும் மார்க்கத்தில் ஒன்றல்ல. மருந்து தேடுவது நபிவழி. கருவிலேயே மரபணுவைத் திருத்துவது தலைமுறைகளைத் தொடும் காரியம். அது தனிக் கேள்வி, ஆலிம்களும் மருத்துவர்களும் சேர்ந்து பேச வேண்டியது.

'ஒரே ஊசியில் சரியாகும்' என்றவரும் தவறு. டி.என்.ஏ.வால் பின்னிய ஒரு துகள் கட்டிக்குப் போகும் இரத்தத்தை உறையவைத்ததாக 2018-இல் வந்த செய்தி எலிகளைப் பற்றியது. கொழுப்புத் தோணிகளும் பெரும்பாலும் கல்லீரலிலேயே கரை சேர்கின்றன. மற்ற உறுப்புகளுக்குத் திருப்புவது இன்னும் கடினம். இந்தப் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம்.

இன்று செய்ய வேண்டியது

கோஷே நோய்க்குக் குறைந்த நொதியை ஊசி வழியே கொடுக்கும் சிகிச்சை 1991 முதலே இருக்கிறது. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். விலை மிக அதிகம். ஆனால் 2021-இன் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்நோய் சேர்க்கப்பட்டுள்ளது. அதன்கீழ் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கான மையங்களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் ஒன்று. அந்தச் சகோதரரை அங்கே போகச் சொன்னோம்.

இன்னொன்று, நிகாஹ் நடத்திவைக்கும் நாம் சொல்லியே ஆக வேண்டியது. தாய் தந்தை இருவரிடமும் இந்தக் குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடும். சொந்தத்தில் மணப்பது அனுமதிக்கப்பட்டது, கடமை அல்ல. குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பிள்ளையைப் பெற்ற தாய்மீது மட்டும் பழி போடாதீர்கள். குறை இரு பக்கமும் இருந்தால்தான் இந்நோய் வரும்.

அடுத்த முறை 'டி.என்.ஏ. மருந்து' என்று யாராவது சொன்னால் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன சரக்கு? அது நம் மரபணுவைத் திருத்துமா, செய்தி மட்டும் சொல்லுமா? மனிதர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டதா?

அந்தப் பேரனுக்கும், நோயால் வாடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக.