வளையும் மரம், முறியும் மரம்

ஆனைமலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். காற்றில் பாக்கு மரம் நான்கு சாய்ந்துவிட்டன. வில்வித்தை பழகும் மகனுக்கு அதில் ஒரு வில் செய்து கொடுக்கலாமா? ஆசாரி முடியாது என்கிறார், கடையில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. மூன்று வரியில் பதில் எழுதி முடிக்கிற கேள்வி அல்ல இது. சாய்ந்த மரம், வெட்டிய மரம் எல்லாம் விறகு விலைக்குப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், எந்த மரம் எதற்கு ஆகும் என்று தெரிந்து வைத்திருப்பது வில்லுக்கு மட்டும் உதவுகிற விஷயமும் அல்ல.

ஆசாரி சொன்னது பாதி சரி. மேசை நாற்காலி செய்கிற கணக்கில் பார்த்தால் பாக்கு மரம் மரமே இல்லை. வில் கணக்கு வேறு.

ஒரு பச்சைக் குச்சியை எடுத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபட்டுக் கீறும், உள்பக்கம் நசுங்கிச் சுருங்கும். வில்லும் அப்படித்தான். அம்பு விடுபவரைப் பார்த்த பக்கம் வயிறு, எதிர்ப்பக்கம் முதுகு. முதுகு இழுவையைத் தாங்க வேண்டும், வயிறு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். விட்டவுடன் இரண்டும் பழைய நிலைக்கு வர வேண்டும். கடினம் மட்டும் இருந்தால் போதாது. இரும்பு மாதிரி இருக்கும் எத்தனையோ மரம் ஒரே இழுப்பில் இரண்டாகிவிடும்.

இங்கிலாந்துக்காரர்களின் நீள வில் உலகம் அறிந்தது. 1415இல் அஜின்கோர்ட் போரில் பிரெஞ்சுக் குதிரைப் படையை நிலைகுலைய வைத்தது அதுதான். ஆள் உயரத்துக்கு மேல், ஆறு ஆறரை அடி நீளம். யூ என்ற ஊசியிலை மரத்தில் செய்தது. அந்த மரத்தில் இயற்கையே பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது. வெளியே இருக்கும் வெளிறு இழுவையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் அழுத்தத்தைத் தாங்கும். இரண்டும் சேர்கிற இடத்தில் பிளந்து எடுத்தால் முதுகும் வயிறும் ஒரே துண்டில் கிடைத்துவிடும். 1545இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பலை 1982இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த முழு வில்கள் மட்டும் நூற்று முப்பதுக்கு மேல். அவற்றை இழுக்க 45 கிலோவிலிருந்து 80 கிலோ வரை பலம் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் யூ அவர்களுக்கே போதவில்லை. சரக்குக் கொண்டுவரும் கப்பல்கள் ஒவ்வொரு டன் பீப்பாய்க்கும் நான்கு வில்கட்டை சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டம் போட்டார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில், யூ வில்லோடு எல்ம், ஆஷ், ஹேசல் மரங்களிலும் வில் செய்தே ஆக வேண்டும் என்று வில் ஆசாரிகளைக் கட்டாயப்படுத்தினார்கள். ரோஜர் ஆஸ்கம் 1545இல் எழுதிய வில்வித்தை நூலில் 'பிரேசில்' கட்டையும் வருகிறது. அந்தப் பெயர் முதலில் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சப்பங்கிக் கட்டைக்குத்தான் இருந்தது, தென் அமெரிக்க நாட்டுக்குப் பெயர் பிறகுதான் வந்தது. பாலக்காட்டுப் பக்கம் குடிநீரில் போட்டுச் சிவப்பாகக் கொடுக்கிறார்களே பதிமுகம், அதே மரம்.

நம் நாட்டில் கதை இதற்கும் பழையது. அலெக்சாண்டரோடு வந்த நியார்க்கஸ், இந்தியக் காலாள் வீரனின் வில் அவன் உயரமே இருந்தது என்றும், ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடது காலால் மிதித்து இழுத்தான் என்றும் குறித்திருக்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வில்லுக்கான பொருள்களைப் பட்டியல் போடுகிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. முதல் பெயரே பனை. நாணுக்குச் சொல்லப்படும் செடிகளில் எருக்கும் சணப்பும் மருளும் இருக்கின்றன. மூன்றும் நம் வரப்பிலும் வேலியிலும் உள்ளவை. கொங்கு நாட்டை ஆண்ட சேரர் சின்னமே வில்தான். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளில் அது பொறித்திருக்கிறது.

தோட்டத்தில் இருப்பது எது ஆகும்?

பாக்கு, தென்னை, பனை மூன்றும் மர வகையே அல்ல, புல் வகைக்குப் பக்கத்து உறவு. இவற்றில் ஆண்டு வளையம் கிடையாது. நார்க்கற்றைகள் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருக்கும். அதனால் பலமெல்லாம் வெளி ஓட்டில். அடியில் அதிகம், உச்சிக்குப் போகப் போகக் குறைவு. நடுவில் இருப்பது வெறும் சோறு, அதை எதற்கும் எடுக்கக் கூடாது. நியூகினித் தீவுக்காரர்கள் இன்றும் கரும்பனை வகை மரத்தில்தான் வில் செய்கிறார்கள். கேரளத்து ஓணவில் என்னும் இசைக்கருவியும் பனை இனத்துச் சிம்பில் செய்வதுதான்.

தென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேர் வாடல் நோய் வந்த மரங்களைப் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு வட்டாரங்களில் வெட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த நோயைப் பரப்புவது சாறு உறிஞ்சும் பூச்சிகள்தான். வெட்டிக் காய்ந்த கட்டையை வீட்டில் வைத்திருக்கப் பயப்பட வேண்டியதில்லை. முதிர்ந்த மரத்தின் அடிப் பத்துப் பன்னிரண்டு அடியில், வெளி இரண்டு அங்குலம் நல்ல கெட்டி. ரீப்பர், கைமரம், கருவிப் பிடி எல்லாம் அதில் வரும். செங்கல் சூளைக்கு மொத்தமாகத் தள்ளிவிடும் முன் அந்த அடித்துண்டை மட்டும் தனியே பேசி விலை கேட்பது நல்லது. வில்லுக்குத் தென்னை பாக்கைவிடச் சிரமம். நார் கற்றையாகக் கிளம்பிச் சிலாம்பு எழும்பும். முதுகில் மூங்கில் பட்டை ஒட்டினால்தான் நம்பி இழுக்கலாம்.

மூங்கிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று நான்கு வயதான கழியாக இருக்க வேண்டும், ஒரு வயதுக் கழி வளைந்தபடியே நின்றுவிடும். வெட்டியதும் இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து, துளைக்கும் வண்டு அண்டுவது குறையும்.

யாரும் நினைக்காத ஒரு மரம் முசுக்கட்டை. உடுமலையில் பட்டுப்புழுவுக்கு மல்பெரி வைத்திருப்பவர்கள் பழைய செடியைப் பிடுங்கினால் அடுப்புக்குத்தான் போடுகிறார்கள். ஹாக்கி மட்டை செய்வது இந்த மரத்தில்தான். அமெரிக்கப் பழங்குடிகள் வில்லுக்கு முதலிடம் கொடுத்த ஓசேஜ் ஆரஞ்சு மரமும் முசுக்கட்டைக் குடும்பமே. கவாத்து செய்த புதரில் நேரான நீளம் கிடைக்காது. வரப்போரம் மரமாக விட்டிருந்தால் கணு இல்லாத துண்டு தேடலாம்.

வேம்பும் புளியும் வேண்டாம். நார் பின்னிக்கொண்டு ஓடும், நேராகப் பிளக்காது. ஆனைமலைக் காட்டில் இருக்கும் தடசு மரத்துக்கு வடமொழியில் வில்மரம் என்றே பெயர், காவடித் தண்டுக்கும் பேர்போனது. ஆனால் அது காட்டு மரம், தொடக் கூடாது.

செய்யும் முறை

அறுக்காமல் பிளக்க வேண்டும். வாள் நாரைக் குறுக்கே வெட்டிவிடும், பிளவு நாரோடு ஓடும். பாக்கின் அடித்துண்டை ஆப்பு வைத்து நான்காகப் பிளந்து, சோற்றைச் சீவி எறிந்து, முனைகளில் சாணமோ மெழுகோ பூசி நிழலில் அடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். தென்மேற்குப் பருவமழையில் நம் பக்கத்தில் இது இழுத்துக்கொண்டே போகும்.

ஆங்கில வில் குறுகலாக, தடிப்பாக, வயிறு உருண்டு இருக்கும். யூ தாங்கும், நம் பாக்கு தாங்காது. தரம் குறைந்த மரத்துக்கு அகலமும் நீளமும் கூட்டித் தட்டையாகச் செய்வதுதான் வழி. வில் பையனின் உயரத்துக்கு ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். நடுவில் ஒன்றரை அங்குல அகலம், முனையில் அரை அங்குலம். மரத்தின் வெளிப்பக்கமே முதுகு. அதில் கத்தி படவே கூடாது. சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கம்.

சீவுவதில்தான் பொறுமை வேண்டும். சுவரில் முளை அடித்து வில்லின் நடுவை அதில் மாட்டி, தளர்வான கயிறு கட்டிக் கீழே மெல்ல இழுத்து, பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். வளையாத இடத்தைச் சீவ வேண்டும், அதிகம் வளைகிற இடத்தை விட்டுவிட வேண்டும். கடைசியில் உளி வேண்டாம், கண்ணாடிச் சில்லால் சுரண்டினால் போதும். இந்த வேலைக்கு ஒரு நாள் முழுதும் ஆகும். அவசரப்பட்டால் மரம் சொல்லாமல் முறியும். கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்தால் எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். பழகும் பிள்ளைக்கு ஏழெட்டுக் கிலோ போதும்.

நாணுக்கு எருக்கு நாரும் மருள் நாரும் அந்தக் காலத்துக்குச் சரி. இன்று உறுதியான பாலியஸ்டர் நூலைப் பல இழை முறுக்கினால் நம்பிக்கை அதிகம். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அந்த வேகம் எல்லாம் கட்டைக்குள் போய் வில் உடையும், சிலாம்பு கண்ணுக்கு வரும்.

சட்டம் மூன்று இடத்தில் குறுக்கிடுகிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை, தானாகச் சாய்ந்திருந்தாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுவது நல்லது. காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கில் 2017 திருத்தத்துக்குப் பிறகு வனச் சட்டத்தில் மரமாகக் கருதப்படுவதில்லை. மூன்றாவது, மயிலோ காட்டுப்பன்றியோ பயிரை அழிக்கிறது என்று இந்த வில்லை அவற்றின் மேல் திருப்பினால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில்தான்.

பையன் போட்டிக்குப் போவானா? போகலாம். தேசிய அளவில் 'இந்தியன் ரவுண்ட்' என்று மூங்கில், மர வில்லுக்கே தனிப் பிரிவு இருக்கிறது, தூரம் 30 மீட்டரும் 50 மீட்டரும். ராஞ்சியின் தீபிகா குமாரி முதலில் பிடித்தது வீட்டில் செய்த மூங்கில் வில்தான்.

சாய்ந்த நான்கு மரங்களும் இன்னும் தோட்டத்தில் கிடந்தால் மழையில் பூசணம் பிடிக்கும் முன் இந்த வாரமே அடித்துண்டைப் பிளந்து நிழலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். இரண்டு வில்லுக்கு ஆறு சிம்பு எடுத்து வைப்பது உத்தமம். முதல் இரண்டு எப்படியும் உடையும்.