திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே கணக்கு

பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கைப் பிடிக்கவைப்பது, நான்கு வயதுப் பிள்ளைக்கு எண்ணக் கற்றுக்கொடுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். நான்கு வயதில் எண்ணுவதே விளையாட்டு. பத்து வயதில் பின்னமும் சதவீதமும் வந்து சேர்கின்றன; ‘எனக்குக் கணக்கு வராது’ என்று பல பிள்ளைகள் தாங்களாகவே முடிவுகட்டிக்கொள்வதும் அந்த வயதை ஒட்டித்தான். அமெரிக்காவில் அந்த வயதினருக்கென்றே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது. 1987 ஜனவரி 26 அன்று பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்கொயர் ஒன் டிவி’. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அதன் பாட்டுகள் மட்டும் இன்னும் அவர்கள் வாயைவிட்டுப் போகவில்லை.

தயாரித்தது சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் ஒர்க்‌ஷாப். மழலைகளுக்கு 1969இல் ‘செசமி ஸ்ட்ரீட்’, வாசிப்புக்கு 1971இல் ‘தி எலெக்ட்ரிக் கம்பெனி’, அறிவியலுக்கு 1980இல் ‘3-2-1 கான்டாக்ட்’ என்று வரிசையாகச் செய்தவர்கள், அதன் பிறகுதான் கணக்குக்கு வந்தார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகள்தான் இலக்கு. கணக்கின் மேல் ஆசை வர வேண்டும், சிக்கலை அவிழ்க்கும் வழிகளைப் பிள்ளைகள் பயன்படுத்திப் பார்க்க வேண்டும், சொல்லும் கணிதம் பிசகில்லாமல் இருக்க வேண்டும் என்று மூன்று குறிக்கோள்களை வகுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்துக்குள் நாடகத் துணுக்கு, பாட்டு, போட்டி, கார்ட்டூன் எல்லாம் வரும். மேஜிக் நிபுணர் ஹாரி பிளாக்ஸ்டோன் ஜூனியர் எண்களை வைத்து வித்தை காட்டுவார். பேக்-மேன் வீடியோ கேமின் சாயலில் ‘மேத்மேன்’ கட்டங்களுக்குள் ஓடுவான். மூன்றின் மடங்குகளை மட்டும் தின்ன வேண்டும் என்பது போல ஒரு விதி இருக்கும். தவறானதைத் தின்றால் மிஸ்டர் கிளிச் என்ற எதிரி வந்து அவனையே விழுங்கிவிடும்.

பாட்டுகளில் ஒன்று ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பற்றியது. 18, 27, 36, 45... எதை எடுத்தாலும் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது, இல்லாவிட்டால் ஒன்பதின் மடங்கு. பாட்டில் கேட்கும்போது மாயம் போலத் தெரியும். காரணமோ நம் எண்முறைக்குள்ளேயே இருக்கிறது. பத்தில் ஒரு ஒன்பதை எடுத்தால் ஒன்று மிச்சம். நூறில் 99ஐ எடுத்தாலும் ஒன்றுதான் மிச்சம். ஆயிரத்தில் 999 போனாலும் ஒன்றே. இப்போது 738ஐப் பாருங்கள். ஏழு நூறுகள் ஆளுக்கு ஒன்றாக 7ஐ மிச்சம் வைக்கின்றன. மூன்று பத்துகள் மூன்றை வைக்கின்றன. ஒன்றுகள் எட்டும் அப்படியே இருக்கின்றன. மொத்த மிச்சம் 18. அது ஒன்பதால் வகுபடும், ஆகவே 738ம் வகுபடும்: 82 ஒன்பதுகள். இலக்கங்களைக் கூட்டுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தாலும், உண்மையில் மிச்சங்களைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் இது பொய்க்காது.

இப்படிப்பட்ட பாட்டு முப்பது வருடம் கழித்தும் மறக்காததற்கும் காரணம் உண்டு. ஒரு வரிக்கு எத்தனை அசை, எங்கே அழுத்தம், எங்கே நிறுத்தம் என்பதையெல்லாம் மெட்டு முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. ஒரு சொல் நழுவினாலும் அந்த இடத்தில் எவ்வளவு நீளச் சொல் உட்கார வேண்டும் என்பது நழுவாது. அதை வைத்தே சொல்லைப் பிடித்துவிடலாம். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்ன நம் தலைமுறைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் இந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுவது அதன் கடைசிப் பகுதியான ‘மேத்நெட்’. ‘டிராக்நெட்’ என்ற பழைய போலீஸ் தொடரைக் கேலி செய்யும் துப்பறியும் கதை. கதை பொய், பெயர்கள் கற்பனை, கணக்கு மட்டும் நிஜம் என்ற அறிவிப்போடு தொடங்கும். கேட் மன்டே, ஜார்ஜ் ஃபிராங்க்லி என்ற இருவரும் இடுப்பு உறையில் துப்பாக்கிக்குப் பதில் கால்குலேட்டர் வைத்திருப்பார்கள். ஒரு வழக்கு திங்களன்று தொடங்கி வெள்ளியன்றுதான் முடியும். நடுவில் அவர்கள் ஊகிப்பார்கள், தகவல்களை அட்டவணை போடுவார்கள், ஊகம் தப்பானால் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள்.

ஒரு வழக்கில் ஒரு கிளி “ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, யுரேகா” என்று திரும்பத் திரும்பச் சொல்லும். துப்பு அந்த எண்களில்தான். கடைசி இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும்: 8, 13, 21, 34. 1202இல் இத்தாலியர் ஃபிபொனாச்சி முயல் பெருக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டிய வரிசை. இதை நேரில் பார்க்க ஒரு அன்னாசிப்பழம் போதும். அதன் கண்கள் சாய்வான வரிசைகளாகச் சுற்றிப் போகும். ஒரு பக்கம் சாய்பவற்றை எண்ணினால் பொதுவாக எட்டு, மறுபக்கம் சாய்பவை பதிமூன்று. கண்களாக மாறும் மொட்டுகள் முளைக்கும் விதம்தான் காரணம். குருத்தின் நுனியில் ஒவ்வொரு புது மொட்டும், முன்பு வந்தவற்றிடமிருந்து விலகி, இடம் அதிகம் உள்ள பக்கத்தில் முளைக்கிறது. அப்படி முளைக்க முளைக்க, அடுத்தடுத்த மொட்டுகளுக்கு இடையிலான கோணம் ஏறத்தாழ 137.5 பாகையில் நிலைகொள்கிறது. அந்தக் கோணத்தில் அடுக்கினால் சுற்று வரிசைகளின் எண்ணிக்கை ஃபிபொனாச்சி எண்ணாகத்தான் வரும்.

பள்ளிக்கூடக் கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் பிள்ளைக்கு வரவில்லை என்று அர்த்தம். மேத்நெட்டில் புத்திசாலியான பெரியவர்களே புதன்கிழமை விடை தெரியாமல் நிற்பார்கள், அதில் வெட்கமில்லை. கணிதத்தின் உண்மையான நடப்பும் இதுதான். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தோடு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் தனியாக மல்லுக்கட்டிய கணிதவியலர் ஆண்ட்ரூ வைல்ஸ், 1993 ஜூனில் நிரூபணத்தை அறிவித்தார். பிறகு அதில் ஓட்டை இருப்பது தெரிந்தது. 1994 செப்டம்பரில்தான் அது அடைபட்டது. விடை தெரியாத நாட்களைத் தாங்கிக்கொள்ளும் பழக்கத்தைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் கதையாகவே கொடுத்தார்களே, அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை பெருகுகிறது.

230 நிகழ்ச்சிகளோடு 1992 நவம்பரில் புதிய பகுதிகள் நின்றன. 2002இல் வந்த ‘சைபர்சேஸ்’ கார்ட்டூன் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது. நல்ல முயற்சிதான், ஆனால் வாரம் முழுக்க நீளும் வழக்கு அதில் இல்லை.

பாட்டு நினைவிருப்பது சரி, பிள்ளைகளுக்குக் கணக்கு படிந்ததா? நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோதே டெக்சஸ் மாநிலத்தின் கார்பஸ் கிரிஸ்டி நகரப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவினர் எட்டு வாரங்களில் முப்பது நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள், மற்றவர்கள் பார்க்கவில்லை. பார்க்கும் முன்பும் பின்பும் சில சிக்கல்களைக் கொடுத்தார்கள். அதில் ஒன்று, எங்கோ கோளாறு உள்ள ஒரு விளையாட்டு: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பார்த்த பிள்ளைகள் கூடுதலான வழிகளை, விதவிதமான வழிகளை முயன்றார்கள். பட்டியல் போட்டார்கள், முறை தேடினார்கள், வந்த விடையைத் திரும்பச் சரிபார்த்தார்கள். ஆண், பெண் என்றோ, குடும்ப வசதியைப் பொறுத்தோ இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கணக்குப் பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே முன்னேறியிருந்தார்கள்.