தன் வகையைச் சொல்லும் முன்பே

கோடோ எஞ்சினில், சி ஷார்ப் மொழியில் ஒரு கணினி விளையாட்டு உருவாகிறது. வெளியே தெரிவது ஒரே விளையாட்டு. கோப்புறைக்குள் போனால் மூன்று நான்கு ப்ராஜெக்ட்டுகள் குடியிருக்கும்: விளையாட்டின் நிரல், அதைச் சோதிக்கும் நிரல், வரைபடம் தயாரிக்கும் சிறு கருவி. மொழிப் பதிப்பு, எச்சரிக்கை விதிகள் போன்றவை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அவற்றை மேல் கோப்புறையில் ஒரே இடத்தில் எழுதிவைக்க, நிரலைக் கட்டித் தரும் கருவியான எம்எஸ்பில்ட்டின் 2017இல் வந்த 15ஆம் பதிப்பு வழி செய்தது. அந்தப் பொதுக் கோப்பின் பெயர் 'டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸ்'.

பொதுவாக இல்லாதவற்றில்தான் சிக்கல். சோதனை நூலகம் சோதனை நிரலுக்கு மட்டும் வேண்டும். விளையாட்டுக்குள் அது போகவே கூடாது. ஆகவே, தன்னை அழைத்த ப்ராஜெக்ட் எந்த வகை என்று பொதுக் கோப்பு கண்டுபிடித்தாக வேண்டும்.

ப்ராஜெக்ட் இயங்கும் நிரலா, நூலகமா என்பதைச் சொல்லும் 'அவுட்புட் டைப்' என்னவென்று கேட்பதே முதலில் தோன்றும் வழி. அது இரண்டு விதமாக ஏமாற்றும். மோனோகேம் என்ற விளையாட்டுச் சட்டகத்தில் விளையாட்டு தானே இயங்கும் நிரலாக வெளிவரும். கோடோவிலோ அது வெறும் நூலகம். எஞ்சின் இயங்கி, அதை ஏற்றிக்கொள்ளும். இரண்டாவது ஏமாற்றம் இன்னும் ஆழமானது. எம்எஸ்பில்ட் பண்புகளை மேலிருந்து கீழாகப் படிக்கும்போது, ப்ராஜெக்ட்டின் சொந்த வரிகளுக்கு முன்பே பொதுக் கோப்பு வந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் அவுட்புட் டைப்புக்கு மதிப்பே கிடையாது. அதற்காக எம்எஸ்பில்ட் பிழை காட்டுவதும் இல்லை. வெற்றாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். அதை நம்பி ஒரு பண்பை அமைக்கும் நிபந்தனை பொய்த்துப்போகும், ஒரு வார்த்தை எச்சரிக்கையும் வராது. மணிக்கணக்கில் தேடவைப்பது இந்த மௌனம்தான்.

பொதுக் கோப்பு படிக்கப்படும்போது தெரிந்தவை சொற்பம்: ப்ராஜெக்ட்டின் பெயர், அது இருக்கும் இடம், பக்கத்துக் கோப்புகள். பெயரில் 'டெஸ்ட்' இருந்தால் சோதனை என்று எழுதிவிடலாம். பிறகொரு நாள் யாராவது 'கான்டெஸ்ட்' என்று ஒரு ப்ராஜெக்ட்டைச் சேர்ப்பார்! அடையாளக் கோப்பு அதைவிட நல்ல சாட்சி. 'ப்ராஜெக்ட்.கோடோ' அருகில் இருந்தால் நம்பலாம். எஞ்சினே அந்தக் கோப்பை வைத்துத்தான் விளையாட்டை அடையாளம் காண்கிறது.

மற்ற முடிவுகளை 'டைரக்டரி.பில்ட்.டார்கெட்ஸ்' என்ற துணைக் கோப்புக்குத் தள்ளலாம். அது படிக்கப்படும்போது ப்ராஜெக்ட் தன்னைப் பற்றிச் சொல்லி முடித்திருக்கும். எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிட முடியாதா? முடியாது. தற்காலிகக் கோப்புகளின் இருப்பிடம் போன்றவை தொடக்கத்திலேயே தெரிந்தாக வேண்டும். கடைசியில் எழுதியதே நிற்கும் என்பதால், நிபந்தனையில்லாத ஒரு வரி அங்கே இருந்தால் ப்ராஜெக்ட் தனக்கென வைத்த மதிப்பும் அழிந்துபோகும்.

சோதனைகளுக்கென்று தனிக் கோப்புறை அமைத்து, அதிலேயே ஒரு ப்ராப்ஸ் கோப்பு வைப்பவர்களும் உண்டு. வகை தேடும் வேலை அங்கே மிச்சம். ஆனால், எம்எஸ்பில்ட் மேல்நோக்கித் தேடி, முதலில் கிடைத்த கோப்போடு நின்றுவிடும். மேலே உள்ள பொதுக் கோப்பை உள்கோப்பு இறக்குமதி செய்யாவிட்டால், மொழிப் பதிப்பிலிருந்து எச்சரிக்கை விதிவரை எதுவும் சோதனை நிரலை எட்டாது.